ரோலை இன்ஃப்ராரெட் 400: கோடநாட்டில் இரண்டு ரோல்

உச்சிவெயிலில் மலையைப் படம் எடுக்காதே என்பார்கள். நானும் காலை எட்டு மணிக்குள் எடுத்து முடித்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிடும் ஆள்தான். இந்த ஃபிலிமுக்கு அந்தக் கணக்கு செல்லாது. பதினோரு மணிக்கு மேல், வெயில் சுள்ளென்று அடிக்கும்போதுதான் இதற்கு வேலை.

ரோலை இன்ஃப்ராரெட் 400, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தாண்டி 820 நானோமீட்டர் அலைநீளம் வரை பதியும். அப்படியே போட்டு எடுத்தால் சாதாரண கறுப்பு வெள்ளை போலத்தான் வரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரும்பாலும் தடுத்து இன்ஃப்ராரெட்டை உள்ளே விடும் ஹோயா ஆர்72 ஃபில்டர் மாட்ட வேண்டும். பார்க்கக் கறுப்புக் கண்ணாடி மாதிரி இருக்கும். மாட்டினால் வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது. ஆகவே ஸ்டாண்டில் கேமராவை வைத்து, ஃபிரேம் பார்த்து, ஃபோகஸ் செய்து, லென்ஸில் இன்ஃப்ராரெட்டுக்கென்று குறித்திருக்கும் புள்ளிக்கு ஃபோகஸைக் கொஞ்சம் நகர்த்தி, அப்புறம்தான் ஃபில்டர். ஒவ்வொரு படத்துக்கும் இதே பூஜை.

என் கேமரா நிக்கான் எஃப்எம்2. ஃபில்டர் வழியாக மீட்டர் சொல்வதை நம்பவில்லை. டப்பாவில் ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வு வேகம், 400 என்று இருந்தாலும் ஃபில்டரோடு 6 என்றே வைத்துக்கொண்டு, எஃப் 11 துவாரத்தில் 1/15, 1/8, 1/4 நொடி என்று காட்சிக்கு மூன்று எடுத்தேன். 36 படம் 12 காட்சியாகச் சுருங்கிவிடும். எனக்குத் தேறியவை பெரும்பாலும் 1/4.

முதல் ரோலைக் கெடுத்தது நான்தான். டீக்கடை வாசலில், வெயிலில் நின்றுகொண்டே மாட்டினேன். இதன் அடித்தளம் கண்ணாடி போலத் தெளிவான பாலியெஸ்டர். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் விழும் ஒளி ஃபிலிம் வழியாகவே உள்ளே ஓடிவிடும். கழுவிப் பார்த்தால் முதல் ஆறு படமும் புகை. கறுப்புப் பைக்குள் கையை விட்டு மாட்டுங்கள்.

இரண்டாவது ரோல் ஜனவரியில். கோடநாடு போகும் வழியில் எடுத்த படத்தில் தேயிலைத் தோட்டம் முழுக்க வெள்ளை, உறைபனி கொட்டியது போல. மேலே வானம் கரி. இலையின் உள்ளே இருக்கும் செல் அமைப்பு இன்ஃப்ராரெட்டை அப்படியே திருப்பி அடிப்பதால் வருவது இந்த வெள்ளை. வுட் எஃபெக்ட் என்பார்கள். மரத்தை வைத்துத்தான் இந்தப் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1910ல் இப்படிப் படங்களை வெளியிட்ட ராபர்ட் வுட் என்ற இயற்பியலாளரின் பெயராம். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் அசையாமல் நின்று கொடுத்தார். தோலும் வெளுத்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிரிண்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது, "ஏங்ணா, இத்தனை பவுடரை எப்பங்ணா எனக்குப் பூசுனீங்க?" என்றார்.

காட்சிமுனையில்தான் இதன் உண்மையான பலம் தெரிந்தது. கீழே மாயாறு பள்ளத்தாக்கு எப்போதும் நீலப் புகைமூட்டத்தில் கலங்கித்தான் தெரியும். நெகட்டிவில் ரங்கசாமி மலையின் மடிப்புகள் கத்தியால் கீறியது போல இருந்தன. ஆனால் இன்ஃப்ராரெட் மூடுபனியையும் துளைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தூசும் புகைமூட்டமும் வேறு, நீர்த்துளி வேறு. பத்து மணிக்குப் பனி ஏறியபோது ஆசைப்பட்டு எடுத்த மூன்று படமும் சாம்பல் சுவர்.

இதே மாதிரி இல்ஃபோர்ட் எஸ்எஃப்எக்ஸ் 200 ஃபிலிம் கிடைக்கிறதே என்பவர்களுக்கு: அது 740 நானோமீட்டரோடு நின்றுவிடும், வெள்ளை இவ்வளவு வராது. 2007ல் கோடாக் நிறுத்திய எச்ஐஇ என்ற இன்ஃப்ராரெட் ஃபிலிமில் இலைகளைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் கசியும். அந்தக் கனவு மாதிரி தோற்றம்தான் வேண்டும் என்றால் இதில் கிடைக்காது. எனக்கு அது இல்லாததே பிடித்திருக்கிறது.

விலைதான் உறுத்துகிறது. ஒரு ரோல் காசுக்குக் கோவையிலிருந்து கோத்தகிரிக்குப் பல தடவை பேருந்தில் போய் வரலாம். அரசு ஃபிலிம் ஆலையான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஊட்டியில் ஓடிக்கொண்டிருந்த மலை இது. இங்கே வெளிநாட்டு ரோலுக்கு இவ்வளவு கொடுக்கும்போது கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்கிறது.

கல்யாணத்துக்கோ, ஊர் சுற்றும்போதோ போட இது சரிப்படாது. ஸ்டாண்டும் பொறுமையும் இருந்தால் வாங்கலாம். மழைக்காலத்தில் வாங்கினால் வெயில் வரும்வரை ஃபிரிட்ஜில் வையுங்கள். என்னுடைய மூன்றாவது ரோல் இப்போது அங்கேதான், மோர்மிளகாய் டப்பாவுக்குப் பின்னால்.