உப்பா, கல்சியமா, மணலா?

செப்டெம்பரில் வீட்டு முன்னாலுள்ள தார் டிரைவ்வேக்கு (கார் நிறுத்தும் பாதை) சீலர் என்ற பாதுகாப்புப் பூச்சைப் பூசியபோது கறுகறுவென்று அழகாக இருந்தது. முதல் பனி கொட்டியதும் கவலை தொடங்கிவிட்டது: பனியை உருக்க இதன்மேல் உப்பைப் போடலாமா? ரொறன்ரோப் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் வருடாவருடம் கேட்கும் கேள்விதான்.

கடையில் மலிவாகக் கிடைப்பது கல்லுப்பு. கொங்கிரீட்டைத்தான் அது பதம் பார்க்கும், தாரை அவ்வளவாகத் தொடாது. கராஜ் வாசலில் கொங்கிரீட் இருந்தால் அங்கே மட்டும் கையை இறுக்கிக்கொள்ளுங்கள். தாரைக் கெடுப்பது தண்ணீர். பகலில் உருகியது வெடிப்புக்குள் இறங்கும், இரவில் உறையும். உறையும்போது 9 சதவீதம் பெருகும், வெடிப்பு அகலும். பூச்சியத்துக்கு மேலும் கீழுமாக வெப்பநிலை ஊஞ்சலாடும் மார்ச் மாதத்தில் இந்தக் கூத்து அடிக்கடி நடக்கும். சீலர் மெல்லிய தோல்தான். பென்சில் நுழையும் வெடிப்பை அது அடைக்காது. அதற்கு முன்கூட்டியே வெடிப்பு அடைக்கும் பசை போட்டிருக்க வேண்டும்.

கல்லுப்பு சுமார் -10 பாகைக்குக் கீழே மந்தமாகிவிடும். கல்சியம் குளோரைட் என்ற இன்னொரு வகை உப்பு -25இலும் உருக்கும். கரையும்போதே சூடு கக்குவதால் வேகமும் அதிகம். ஆனால் விலை கூட. பையைச் சரியாகக் கட்டாவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டிவிடும். சப்பாத்தோடு உள்ளே வந்து தரையில் பிசுபிசுக்கும்போது வீட்டில் என்ன பேச்சு விழும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மணல் எதையும் உருக்காது, காலுக்குப் பிடிமானம் தரும், அவ்வளவுதான். புதிதாக சீலர் பூசிய தரை வழுக்கும் என்பதால் அதுவே பெரிய உதவி. வசந்தத்தில் கூட்டி அள்ள வேண்டும் என்பதுதான் தொல்லை.

என் வீட்டில் மணலும் கொஞ்சம் கல்லுப்பும்தான். கல்சியம் ஒரு சின்ன வாளியில், வாசற்படிக்கு அருகே ஐஸ் இறுகும் நாட்களுக்காக இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட, பனியை நேரத்துக்குத் தள்ளிவிடுவது முக்கியம். உலோக விளிம்புள்ள ஷவல் சீலரைச் சுரண்டிவிடும், பிளாஸ்டிக்கே போதும். ஸ்னோபுளோவர் (பனியை வாரி வீசும் இயந்திரம்) என்றால் அடியிலுள்ள சறுக்குத் தகட்டை அரை அங்குலம் உயர்த்தி வையுங்கள். சுடுதண்ணீர் ஊற்றும் யோசனை வேண்டாம், கொஞ்ச நேரத்தில் கண்ணாடித் தரைதான்.

அப்புறம், நவம்பரில் கதவைத் தட்டி "மலிவாக சீலர் அடித்துத் தருகிறேன்" என்பவரை அப்படியே அனுப்பிவிடுங்கள். சீலர் காய, இரவிலும் 10 பாகையாவது வேண்டும்.