இங்கிலீஷ் வகுப்பில் பனி, தமிழ் வகுப்பில் மழை: ஒரு இருமொழிக் கின்டர்கார்டனில் மூன்று வருடம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் கல்லூரித் தோழி போன வாரம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "வர்ற ஜூன்ல பாண்டிக்கே வந்துடறோம்டி, உன் பொண்ணு படிக்கிற ஸ்கூல்லயே என் பையனையும் போட்டுடலாமா?" அவளுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன், அது வளர்ந்துகொண்டே போய்விட்டது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பள்ளி லாஸ்பேட்டைப் பக்கம். சின்னது, ப்ரீகேஜியில் இருந்து யூகேஜி வரைதான். காலையில் ஒன்றரை மணி நேரம் இங்கிலீஷ் மிஸ், ஸ்நாக்ஸ் முடிந்ததும் ஒன்றரை மணி நேரம் தமிழ் மிஸ், இரண்டு பேரும் அவரவர் மொழியை விட்டு இறங்க மாட்டார்கள். ஃபீஸ், வேன், யூனிஃபார்ம் எல்லாம் வாசலில் நிற்கிற எந்தப் பெற்றோரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வேண்டியது டிசம்பர் மாதத்தைப் பற்றி.

இந்த டிசம்பரில் யூகேஜி ஒர்க்‌ஷீட் ஒன்று வீட்டுக்கு வந்தது. மேலே 'விண்டர்' என்று தலைப்பு. கீழே நான்கு படம்: ஸ்வெட்டர், கையுறை, குடை, கூலிங் கிளாஸ். விண்டரில் நமக்கு எது வேண்டுமோ அதற்கு வட்டம் போடு என்பது கேள்வி. என் மகள் குடைக்கு வட்டம் போட்டிருந்தாள். அதன் மேல் சிவப்பு மையில் பெரிய தப்புக்குறி. அதே நேரம் முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வராண்டாவில் அவளுடைய குடை விரித்தபடி காய்ந்துகொண்டிருந்தது, காலையில்தான் நனைந்து வந்திருந்தாள்.

நான் அன்றைக்கு ரொம்பக் கோபப்பட்டேன், அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஐப்பசி கார்த்திகையில் அடைமழை என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை கொட்டும், வருஷத்து மழையில் பெரும்பங்கு இந்த மூன்று மாதத்தில்தான். டிசம்பரில் பாண்டிச்சேரியில் ஒரு குழந்தைக்குத் தேவையானது குடை. அவள் கண்ணால் பார்த்ததை வைத்துச் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறாள், அதைத் தப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து வயதில் ஒரு பிள்ளை கண்ணை நம்புவதா, தாளை நம்புவதா?

இது ஒரு நாள் விஷயம் என்றால் விட்டிருப்பேன். மூன்று வருடமாக நடக்கிறது. இங்கிலீஷ் வகுப்புக்கு வருஷத்தில் நான்கு பருவம். செப்டம்பர் வந்தால் ஆரஞ்சு கலரில் இலை வெட்டி ஒட்டுவார்கள், டிசம்பர் வந்தால் பஞ்சில் பனிமனிதன். ப்ரீகேஜியில் நானும் ஆசையாகத்தான் மெடிக்கலில் பஞ்சுச் சுருள் வாங்கிக் கொடுத்தேன், கறுப்புப் பொத்தான் வைத்து, ஆரஞ்சுக் காகிதத்தில் மூக்கு வைத்து, அழகாகவே வந்தது.

அடுத்த வருஷம்தான் உறுத்தியது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகரில் என் நாத்தனார் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, மெத்தை, அரிசி மூட்டை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போயிற்று, எங்கள் வீட்டில்தான் வந்து தங்கினார்கள். பள்ளி திறந்ததும் முதல் வாரமே டைரியில் எழுதி வருகிறது, பஞ்சு கொண்டு வரவும். மெத்தைப் பஞ்சு மொட்டைமாடியில் நாறிக் காய்கிறது, பிள்ளை பனிமனிதனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். அந்த மாதம் அதைத் தள்ளி வைத்திருக்கலாம் அல்லவா?

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஸ்னோ என்றால் பனி என்று வகுப்புச் சுவரில் சார்ட் தொங்குகிறது. மார்கழியில் விடியக்காலையில் என் மாமியார் வாசல் தெளிக்க இறங்கும்போது, "பனி கொட்டுது, தலையில துண்டைக் கட்டிக்க" என்பார். (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்.) பிள்ளை படியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "எங்க ஆயா கொட்டுது? வெள்ளையா ஒண்ணுமே விழலையே." அவர் செம்பருத்தி இலையில் இருந்த ஈரத்தை விரலால் தொட்டு அவள் கன்னத்தில் வைத்து, இதுதாண்டி பனி என்றார். அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. அது வெறும் தண்ணியாம், மிஸ் சொல்கிறதுதான் பனியாம்.

எனக்கு வருத்தமாகிவிட்டது. இங்கிலீஷில் ஸ்னோ, ட்யூ, மிஸ்ட் என்று தனித்தனியாகப் பிரிந்திருப்பதை நாம் பெரும்பாலும் பனி என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம், தேவைப்பட்டால் மூடுபனி, உறைபனி என்று முன்னால் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறோம். இரண்டு மொழியும் தெரிந்த பள்ளிதானே இந்த இடத்தில் பிள்ளைக்குக் கை கொடுக்க வேண்டும்? 'ஆயா சொல்ற பனி இது, தூரத்து ஊர்ல விழற பனி அது, ரெண்டுக்கும் நம்ம பேரு ஒண்ணுதான்' என்று ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் இங்கிலீஷ் மிஸ் தமிழ் பேசக்கூடாது, தமிழ் மிஸ் இங்கிலீஷ் பாடத்தைத் தொடக்கூடாது. நடுவில் யாரும் இல்லை.

சரி, நியாயமாகவும் சொல்ல வேண்டும். அந்த இங்கிலீஷ் மிஸ் நல்ல ஆசிரியை. எழுத்தின் பெயரைத் திணிக்காமல் ஒலியில் இருந்து தொடங்குகிறார், s, a, t, p, i, n என்ற வரிசையில். அந்த ஆறு ஒலி வந்ததும் பிள்ளைகள் 'பின்', 'டின்', 'சிட்' என்று தாங்களே கூட்டிப் படித்துவிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு வருகிற தகராறும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தமிழில் ப ஒன்றே ஒன்று, பல் என்றாலும் அதுதான், அம்பு என்றாலும் அதுதான், இடத்தைப் பொறுத்து வாய் தானாக மாற்றிக்கொள்ளும். அதனால் என் மகள் 'பேட்' (bat) என்று சொல்லிக்கொண்டே முதல் எழுத்தாக b-க்குப் பதில் p போடுவாள். மிஸ் அவள் கையை எடுத்து அவள் தொண்டையிலேயே வைத்து, ஒரு ஒலிக்கு அதிரும், ஒன்றுக்கு அதிராது என்று காட்டியிருக்கிறார். அன்றைக்கு ராத்திரி வீட்டில் எல்லோருடைய தொண்டையையும் பிடித்துப் பார்த்தாள். இப்போது அந்தக் குழப்பம் அவளுக்கு இல்லை. இத்தனை நுணுக்கமாகப் பிள்ளையைக் கவனிக்கிறவர், குடைக்கு மட்டும் எப்படி அந்தக் குறியைப் போட்டார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தமிழ் மிஸ்ஸைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்த வராது. 247 எழுத்தையும் நெட்டுருப் போட வைத்து அழவிடவில்லை. கோடு கோடாக இழுத்தால் வந்துவிடுகிற ட, ப, ம மூன்றையும் மணல் தட்டில் விரலால் எழுத வைத்தார், புள்ளி வைக்கக் காட்டினார், உடனே படம், மடம், பட்டம், மட்டம். மூன்றே எழுத்தில் பிள்ளை படித்துவிட்டாள். கையோடு ஆடிக்காற்றில் மைதானத்துக்குக் கூட்டிப்போய்ப் பட்டம் விட்டிருக்கிறார், எழுதிய சொல் மேலே பறப்பதை அவர்கள் பார்த்தார்கள்.

அதே ஆடியில் கொட்டாங்குச்சியில் மண் போட்டு முளைப்பாரி. நவதானியம் தூவி, பாதியை இருட்டு அலமாரியில் வைத்தார், பாதியை ஜன்னலில் வைத்தார். ஒன்பதாம் நாள் இருட்டில் இருந்தது மஞ்சளாக நெடுநெடுவென்று வளர்ந்திருந்தது, வெளிச்சத்தில் இருந்தது குட்டையாகப் பச்சையாக இருந்தது. கோயிலில் முளைப்பாரி ஏன் அந்த நிறத்தில் இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. மார்கழியில் ஐந்து, மூன்று, ஒன்று என்று புள்ளிக்கோலம், எண்ணும் கழித்தலும் அதிலேயே வந்துவிட்டன. போகிக்கு முந்தின நாள் ஆவாரம்பூ, சிறுபீளை, வேப்பிலை கொண்டுவரச் சொல்லிக் காப்புக்கட்டு. மாசியில் பக்கத்துத் தெருவில் இருக்கிற வாதாமரத்தடிக்கு நடத்திக் கூட்டிப்போனார். இலை சிவந்து உதிர்வதை இந்த ஊரில் பார்க்க வேண்டுமென்றால் அதுதான் இடம், அதுதான் மாதம். செப்டம்பரில் ஆரஞ்சுக் காகிதம் வெட்டுகிறவர்கள் அந்த மரத்தைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கு வருகிறார்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது மழை டின். பக்கம் நேராக இருக்கிற பழைய பால்பவுடர் டின்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார், அடி குறுகி வாய் அகன்றிருந்தால் அளவு தப்பிவிடுமாம். அதை மாடியில் திறந்த இடத்தில் வைத்து, தினமும் காலையில் இரண்டு பிள்ளைகள் ஸ்கேலை உள்ளே விட்டுப் பார்த்து, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கட்டம் என்று சுவரில் நீலம் தீட்ட வேண்டும். புயலுக்குப் பிறகு பள்ளி திறந்தபோது டின் வழிந்து நின்றது, 20 சென்டிமீட்டர் டின்னில் அந்த மழையை எங்கே பிடிப்பது. மிஸ் அதே மாதிரி இன்னும் இரண்டு டின் கொண்டுவந்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு டின் முழுசாக நிரம்பி மூன்றாவதிலும் கொஞ்சம் ஏறுகிற அளவுக்கு ஒரே நாளில் பெய்தது என்று காட்டினார். என் மகள் அதன் பக்கத்தில் நின்று அளந்து பார்த்திருக்கிறாள், அவள் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வந்ததாம். அத்தை வீட்டில் ஏன் தண்ணீர் வந்தது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது, நான் எவ்வளவோ சொல்லியும் புரியாதது.

ஒரே வாரம், ஒரே வகுப்பறை. ஒரு சுவரில் நீலக் கட்டங்கள் கூரை வரைக்கும் ஏறியிருக்கின்றன, எதிர்ச்சுவரில் 22 பஞ்சுப் பனிமனிதர்கள். இங்கிலீஷ் பேசினால் பனி பெய்யும், தமிழ் பேசினால் மழை பெய்யும் என்றுதான் என் மகள் நினைத்துக்கொண்டிருந்தாள், அவளே என்னிடம் அப்படிச் சொன்னாள்.

பேரன்ட்ஸ் மீட்டிங்கில் இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை, புத்தகம் செட்டாக வெளியூரில் இருந்து வருகிறது, அதில் இருக்கிறபடி முடிக்க வேண்டும் என்றார்கள். புத்தகத்தில் ஸ்னோ இருக்கட்டும், தூரத்து ஊர் என்று சொல்லிக் காட்டுங்கள், மழைக்கும் இங்கிலீஷில் சொல் இருக்கிறதே, அந்த டின்னை இங்கிலீஷ் வகுப்பிலும் அளக்கலாமே என்றேன். நல்ல யோசனை என்று குறித்துக்கொண்டார்கள், அதோடு சரி. இரண்டாவது தடவை, நீங்கள் தமிழுக்கு ரொம்ப ஆதரவாகப் பேசுகிறீர்கள் என்று ஒருவர் சொன்னார். நான் இங்கிலீஷ் வகுப்புக்காகத்தான் பேசினேன். அந்த மொழியும் என் பிள்ளைக்கு எங்கள் தெருவில், எங்கள் மழையில் வேலைக்கு ஆக வேண்டும்.

அப்புறம், தோழிக்கு என்ன சொன்னேன்? இந்த வருஷம் போடாதே என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு பாராட்டிவிட்டு இப்படிச் சொல்கிறாயே என்று அவளும் கேட்டாள். பாராட்டியது எல்லாம் உண்மை. ஆனால் அந்தத் தப்புக்குறியைப் பார்க்கும்போதெல்லாம் இன்னொரு பிள்ளையை அங்கே அனுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் சின்னவனுக்கு ப்ரீகேஜி விண்ணப்பம் வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன், பெயரும் பிறந்த தேதியும் எழுதியாயிற்று, கையெழுத்து மட்டும் போடவில்லை. தமிழ் மிஸ் அடுத்த வருஷம் ப்ரீகேஜிக்கு வருகிறாராம்.

திங்கட்கிழமை காலையில் அந்த ஒர்க்‌ஷீட்டை எடுத்துக்கொண்டு போகிறேன். குடைக்குச் சரி போட்டு, அதை என் மகள் கையிலேயே மிஸ் கொடுக்க வேண்டும் என்று கேட்கப் போகிறேன். என்ன சொன்னார்கள் என்று தோழிக்கு அன்றைக்கே போன் செய்கிறேன்.