கெட்டிப் பெட்டியா, துணிப்பையா? கப்பல் பயணத்துக்கு எது தோது?

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் குடும்பத்தோடு இரண்டு முறை போய்வந்தோம். முதல்முறை நால்வருக்கும் சேர்த்து 28 அங்குலக் கெட்டிப் பெட்டிகள் இரண்டு. அடுத்தமுறை ஆளுக்கொரு துணிப்பை, அதாவது தோளில் மாட்டும் பயணப் பை. நான்கு இரவுப் பயணத்துக்குத் துணிப்பைதான் என் தேர்வு. ஆனால் பெட்டியின் பக்கமும் நியாயம் உண்டு.

எடையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எங்கள் பெட்டி வெறுமையாகவே நாலரை கிலோ. பை ஒன்றரை கிலோ. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் விமான டிக்கெட்டில் ஆளுக்கு 20 கிலோதான் என்னும்போது இந்த மூன்று கிலோ பெரிது.

உண்மையான வேறுபாடு கப்பலேறும் நாளில்தான் தெரியும். பெரிய பெட்டிகளை, அறை எண் எழுதிய சீட்டைக் கட்டி, முனையத்திலேயே ஒப்படைத்துவிட வேண்டும். ஆயிரக்கணக்கான பெட்டிகளைச் சோதித்து அறை அறையாகக் கொண்டுவந்து சேர்க்க இரவுகூட ஆகிவிடலாம். எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை பெட்டிக்குள் இருந்தது. முந்தைய நாள் சென்னையில் உடுத்திய அதே சேலையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நடைவழியில் சக்கரச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தார். பெட்டி வந்தபோது மணி ஒன்பது. பிள்ளைகளின் நீச்சல் உடையும் அதற்குள்தான் இருந்தது; முதல் நாள் முழுக்கக் குளத்தங்கரையில் நின்று வேடிக்கைதான் பார்த்தார்கள். இரண்டாம் முறை பைகளைத் தோளில் மாட்டியபடியே ஏறினோம். அறை திறந்த அரைமணி நேரத்தில் பிள்ளைகள் தண்ணீரில் இருந்தார்கள்.

அறைக்குள்ளும் பைக்கே வசதி. கெட்டிப் பெட்டியை இரண்டு பாதியாக விரித்தால் கட்டிலுக்கும் கதவுக்கும் இடையே நடக்க வழியில்லை. மேலே மடக்குக் கட்டில் உள்ள நால்வர் அறையில் இது பெரும்பாடு. பையைக் காலி செய்து, சுருட்டி அலமாரியின் அடியில் வைத்துவிடலாம். கப்பல் அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் நான்கு காந்தக் கொக்கிகள் கொண்டுபோனால் ஈரத்துணி, தொப்பி, கைப்பை எல்லாம் சுவரேறிவிடும்.

பையில் துணி கசங்குவது உண்மை. தீ அபாயம் கருதி இஸ்திரிப் பெட்டியையும் மின்சாரக் கெட்டிலையும் கப்பலில் அனுமதிப்பதில்லை. சோதனையில் தெரிந்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஆகவே மொடமொடப்பான பருத்திச் சேலையை வீட்டில் விட்டுவிட்டு, மடித்தாலும் கசங்காததை எடுங்கள்.

முறுக்கு, தட்டை பொட்டலங்களும் கண்ணாடிப் புட்டிகளும் விமானத்தில் நொறுங்காமல் வர வேண்டுமென்றால் பெட்டியை விஞ்ச எதுவுமில்லை. தோள்வலி, முதுகுவலி உள்ளவரைப் பை சுமக்கச் சொல்வதும் கொடுமை. அம்மாவுக்கு அடுத்தமுறை சக்கரம் வைத்த சிறிய பெட்டிதான் வாங்கித் தரப்போகிறேன்.

எதை எடுத்தாலும் ஒரு சிறிய தோள்பை தனியாக வேண்டும். பாஸ்போர்ட், மாத்திரை, சார்ஜர், ஒரு மாற்றுத்துணி அதில் இருக்கட்டும். புக்கெட்டில் கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு, சிறு படகில் இறக்கிவிட்டார்கள்; படகுக்கு மாறும்போது இரண்டு கையும் காலியாக இருந்தது பெரிய நிம்மதி.

கடைசி இரவு பெட்டிக்காரர்கள் மூட்டை கட்டி, சொன்ன நேரத்துக்குள் கதவுக்கு வெளியே வைக்க வேண்டும். மறுநாள் முனையத்தில் போய்த் தேடி எடுக்க வேண்டும். பைக்காரர்கள் காலையில் தாங்களே சுமந்துகொண்டு முன்னதாகவே இறங்கலாம். பெட்டியை வெளியே வைப்பவர்கள், காலையில் உடுத்த வேண்டிய துணியையும் செருப்பையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே பூட்டுங்கள்.