ரதர்ஃபோர்ட் லெட்டர்ஸ்: ஒன்பது வருஷம் படிச்ச பிறகு

போன வாரம் பைண்டிங் கடையில இருந்து புக்கு திரும்பி வந்துச்சு, முதுகுப்பக்கம் விட்டுப்போயிருந்ததை நல்லா தெச்சு ஒட்டிக் குடுத்திருந்தாரு. ஸ்டேட்டஸ்ல போட்டோ போட்டேன், சபையில கூட வர்ற தம்பி ஒருத்தர் "அண்ணே, பிடிஎஃப் ஃப்ரீயாவே கெடைக்குதே, நானும் இதை வாங்கணுமா"ன்னு கேட்டாரு. அதுக்கு ஒரு வரில பதில் சொல்ல முடியல.

இது 17ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து போதகர் சாமுவேல் ரதர்ஃபோர்ட் எழுதின கடிதங்கள், பிற்காலத்துல ஆண்ட்ரூ போனர்ங்கிற இன்னொரு ஸ்காட்லாந்து போதகர் தொகுத்தது, 1891 பதிப்பை அப்படியே போட்டோ எடுத்து அடிச்சது. 365 கடிதம், எழுநூறு பக்கத்துக்கு மேல. ரதர்ஃபோர்டை 1636ல ஆன்வத் சபையில இருந்து ஸ்காட்லாந்துக்குள்ளயே தூரத்துல இருக்கிற அபர்டீன் ஊருக்குத் துரத்தி, பிரசங்கம் பண்ணக்கூடாதுன்னு வாயைக் கட்டிட்டாங்க, அதனால மனுஷன் கடிதமா எழுதித் தள்ளினாரு, பாதிக்கு மேல அங்க இருந்து வந்ததுதான். அவர் செத்து மூணு வருஷம் கழிச்சு 1664ல மெக்வார்டுன்னு அவரோட பழைய செக்ரட்டரிதான் அச்சுல கொண்டு வந்தாரு. போனர் அதை தேதி வரிசைல அடுக்கி, யாருக்கு எழுதினதுன்னு ஒவ்வொருத்தர் பத்தியும் குறிப்பு போட்டு, கடைசில ஸ்காட்ஸ், அதாவது ஸ்காட்லாந்துப் பேச்சு மொழி வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்ற ஒரு கிளாசரியும் சேர்த்தாரு.

அந்த கிளாசரிக்காகவே காசு குடுக்கலாம். 'க்ளூம்'னு ஒரு வார்த்தை வரும், நான் முதல் வருஷம் பூரா இருட்டு, சோகம்னே நெனச்சுப் படிச்சேன். ஸ்காட்ஸ்ல அது மொகத்தைச் சுளிக்கிறது. கிறிஸ்து தன்னைப் பாத்து மொகம் சுளிக்கிற மாதிரி இருக்குன்னு ரதர்ஃபோர்ட் சொல்றாரு, அதாவது இருட்டுல தனியா விடல, எதிர்லயே நிக்கிறாரு, ஆனா மொகம் சரியில்ல. வீட்ல அப்பா பேசாம இருக்கிற நாள் மாதிரி. இது தெரிஞ்சப்புறம் பழைய கடிதங்களைத் திரும்ப முதல்ல இருந்து படிச்சேன்.

இப்ப கோவம் எங்கன்னா, இதுக்கு முன்னாடி சீப்பா ஒரு காப்பி வாங்கி ஏமாந்திருந்தேன். 18ஆம் நூற்றாண்டு அச்சை ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டர் படிச்சதை ஒரு ஆளும் கண்ணால பாக்காம பிரிண்ட் போட்டது. அந்தக் கால அச்சுல எஸ் எழுத்து நீளமா எஃப் மாதிரியே இருக்கும், அதனால 'சோல்' எல்லாம் 'ஃபௌல்', 'சின்' எல்லாம் 'ஃபின்'. ஆத்துமான்னு இருக்க வேண்டிய எடத்துல அழுக்கு, பாவம்னு இருக்க வேண்டிய எடத்துல மீன் துடுப்பு! வாயைக் கட்டிப்போட்ட ஒரு போதகர் எழுதினதை இப்படியா பண்ணுவாங்க, இன்னும் மனசு ஆறல. மொழியை எளிமையாக்கின சின்ன பதிப்பு ஒண்ணும் இருக்கு, அதுல 'க்ளூம்' நேரா இருட்டாவே ஆயிடுச்சு, அதுலயும் எனக்கு வருத்தம்தான்.

ஆனா நியாயமாவும் சொல்லணும். என்னோடதுல எழுத்து ரொம்பப் பொடிசு, சில பக்கத்துல மை மங்கல், படுத்துக்கிட்டு படிக்கவே முடியாத கனம். ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார் எங்க சித்தப்பா, கண் ஆபரேஷன் ஆனவரு, ரெண்டே நாள்ல திருப்பிக் குடுத்துட்டாரு. அந்த எளிமைப் பதிப்பைக் குடுத்தேன், முழுசா முடிச்சாரு. கென்மூர் சீமாட்டி கைக்குழந்தையை எழந்தப்ப 1629ல எழுதினது ஒண்ணு இருக்கு, நம்ம கண்ணுக்கு மறையுற நட்சத்திரம் அணைஞ்சு போறதில்ல, வேற பக்கத்து வானத்துல பிரகாசிக்குதுன்னு. அதைப் படிச்சுட்டு சித்தப்பா ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணாரு, அவருக்கும் ஒரு புள்ள அப்படிப் போனது, அதைப் பத்தி எங்கிட்ட அன்னைக்குத்தான் முதல் தடவையா பேசினாரு.

அதனால தம்பி, நீங்க முதல்ல அந்த எளிமைப் பதிப்பையே வாங்குங்க. ஸ்கேன் காப்பி பக்கம் மட்டும் போயிடாதீங்க. என்னோடதை இரவல் தர மாட்டேன், ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வீட்டுக்கு வாங்க, கிளாசரிய நடுவுல வச்சு ரெண்டு கடிதம் சேந்து படிப்போம்.