வளைவில் உறுமும் பழைய சி.ஆர்.வி: வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்காக

பழைய ஹோண்டா சி.ஆர்.வி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, எடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் வைத்திருப்பதும் அதே இரண்டாம் தலைமுறை வண்டிதான். 2.4 லிட்டர் பெட்ரோல், ஃபோர் வீல் டிரைவ். பல வருடமாகக் கோத்தகிரி மலைப்பாதையில் ஏறி இறங்குகிறது. இன்ஜின், இடவசதி, மைலேஜ் பற்றியெல்லாம் நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் பேச விரும்புவது பின் சக்கரங்களுக்கு நடுவே தொங்கும், அவற்றுக்குப் பவரைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டியான டிஃபரன்ஷியலைப் பற்றி. இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான், என்னைப் பாடாய்ப் படுத்தியதும் அதுதான்.

அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். கொஞ்ச தூரம் ஓடி வண்டி சூடான பிறகு, பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக நகர்த்தினால் பின்னாலிருந்து ‘ஊ…ர்ர்ர்’ என்று ஒரு உறுமல். கூடவே சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம். ஸ்டியரிங்கை நேராக்கினால் இரண்டும் நின்றுவிடும். ரோட்டில் எண்பதில் போனாலும் ஒன்றும் தெரியாது. காலையில் வண்டி எடுத்தவுடனும் வராது. அதனால் மெக்கானிக்கிடம் காட்டப் போகும் நேரத்தில் பெரும்பாலும் வண்டி ஒழுங்காகவே இருக்கும்.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் பின் வீல் பேரிங் இரண்டையும் மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. அடுத்த இடத்தில் டிஃபரன்ஷியல் அசெம்பிளியையே மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தக் காசுக்கு இதே மாடல் பழைய வண்டி பாதி வந்துவிடும். மூன்றாவதாகப் பார்த்தவர் சொன்னதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. “சார், நம்ம ஊர்ல ஃபோர் வீல் எதுக்கு? புரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழட்டி வச்சிடலாம். சத்தமும் போயிடும், மைலேஜும் ஏறும்.” இன்ஜின் பவரைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டுதான் அந்த ஷாஃப்ட். வண்டியை வாங்கியதே ஃபோர் வீலுக்காகத்தான் என்று சொன்னாலும் அவருக்குப் புரியவில்லை.

பேரிங்கை அவசரமாக மாற்றியிருக்கவே வேண்டாம். சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். வீல் பேரிங் போனால் வேகம் ஏற ஏற ‘ம்ம்ம்’ என்று இரைச்சலும் ஏறும். நல்ல வேகத்தில் லேசாக இடது, வலது என்று ஒடித்தால் ஒரு பக்கம் கூடும், மறு பக்கம் குறையும். முன் ஆக்சில் ஜாயின்ட் போயிருந்தால் முழு ஒடிப்பில் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ‘டக் டக் டக்’ என்று எண்ணி எடுக்கிற மாதிரி வரும். புரொபெல்லர் ஷாஃப்ட்டின் நடு பேரிங் என்றால் நேர் ரோட்டிலேயே அதிர்வு தெரியும். சூடான பிறகு மட்டும், மெதுவாகப் போகும்போது மட்டும், முழு ஒடிப்பில் மட்டும், பின்னாலிருந்து வருகிற உறுமல் என்றால் முதலில் பார்க்க வேண்டியது டிஃபரன்ஷியல் ஆயிலைத்தான்.

காரணம் உள்ளே இருக்கும் அமைப்பு. இரண்டு எண்ணெய் பம்புகள் இருக்கின்றன. ஒன்று முன்னாலிருந்து வரும் புரொபெல்லர் ஷாஃப்ட்டோடு சுற்றும், மற்றது பின் சக்கரங்களோடு சுற்றும். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் போகும்வரை முதல் பம்பு தள்ளும் எண்ணெயை இரண்டாவது பம்பு இழுத்துக்கொள்ளும். பிரஷர் ஏறாது, வண்டி ஃப்ரண்ட் வீல் டிரைவாகவே ஓடும். முன் சக்கரம் சேற்றில் வெறுமனே சுற்ற ஆரம்பித்தால் முதல் பம்பு முந்திக்கொள்ளும். மிஞ்சும் எண்ணெய் பிரஷராக மாறிக் கிளட்ச் தட்டுகளை அழுத்தும், பின் சக்கரத்துக்குப் பவர் போய்விடும். இதற்கு சென்சார் கிடையாது, சுவிட்ச் கிடையாது, கம்ப்யூட்டரின் தயவும் வேண்டாம். எண்ணெயே முடிவெடுக்கிறது. இதை யோசித்து வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

சரி, வளைவில் ஏன் உறுமுகிறது? திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் அதற்கு உள்ளே சின்ன வட்டத்திலும் போகும். முன்பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சுற்றுவதால் பம்புகளுக்கு அதுவும் ஒரு சறுக்கல்தான். கிளட்ச் லேசாகப் பிடிக்கும். எண்ணெய் நல்ல நிலையில் இருந்தால் தட்டுகள் வழுக்கி விட்டுக்கொடுக்கும். எண்ணெய் கெட்டிருந்தாலோ தவறான எண்ணெய் என்றாலோ, பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, விட்டு என்று தத்தளிக்கும். நமக்குக் கேட்பது அந்தத் தத்தளிப்பு.

என் வண்டியில் இருந்தது தவறான எண்ணெய். பழைய பில்களைப் புரட்டினால், ஒரு ஜெனரல் சர்வீஸில் பின் டிஃபரன்ஷியலுக்கு சாதாரண 80-90 கியர் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். மற்ற வண்டிகளின் டிஃபரன்ஷியலுக்குப் பொருத்தமான எண்ணெய்தான் அது, ஆனால் கிளட்ச் தட்டுகள் நனைந்து வேலை செய்யும் இந்தப் பெட்டிக்கு ஆகாது. இதற்கென்று ‘டூயல் பம்ப் ஃப்ளூயிட் டூ’ என்றே தனியாக ஒன்று வருகிறது. ஏறக்குறைய ஒரு லிட்டர் போதும். மறுமுறையும் வடித்து ஊற்ற வேண்டி வரலாம் என்பதால் இரண்டு லிட்டராக வாங்கி வைப்பது நல்லது. ஸ்பேர் கடையில் சொல்லிவைத்துக் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லாமல்தான் பலர் கையில் கிடைத்ததை ஊற்றுகிறார்கள்.

மாற்றுவது சின்ன வேலை. மேலே இருக்கும், எண்ணெய் ஊற்றுகிற போல்ட்டை முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும். அது கழன்றால்தான் கீழ் போல்ட்டைத் தொடலாம். கீழே வடித்துவிட்டு, மேலே துருப்பிடித்து இறுகியிருந்தால் வண்டி பிட்டிலேயே நிற்க வேண்டியதுதான். இரண்டிலும் 3/8 அங்குலச் சதுரக் குழி இருக்கும், சாக்கெட் இல்லாமல் ரேச்செட் முனையையே செருகலாம். வாஷர்களைப் புதிதாகப் போட வேண்டும்.

என் வண்டியில் வடிந்தது தார் மாதிரி கறுப்பு, கருகிய வாடை வேறு. கீழ் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போல் ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், நெருடவில்லை. மையாக இருந்தால் இயல்பான தேய்மானம், பயமில்லை. செதிலோ துண்டோ கிடைத்தால் பெட்டியைத் திறந்துதான் ஆக வேண்டும். அப்புறம் வண்டி சமதளத்தில் நிற்க, மேல் துளையில் வழியும்வரை கைபம்பால் ஏற்றினோம். பள்ளி மைதானத்தில் முழு ஒடிப்பில் இடமும் வலமுமாக மெதுவாக வட்டமடித்தேன். உறுமல் குறைந்தது, போகவில்லை. தட்டுகளுக்கு இடையே தங்கிய பழைய எண்ணெய் புதிதோடு கலந்துவிட்டது. மறுபடி வடித்து மறுபடி ஊற்றியதும் சுத்தமாக நின்றது. இப்போது நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

ஐப்பசி மழையில் எஸ்டேட் மண்பாதையில் ஏறும்போது இந்த வண்டியின் அருமை தெரியும். முன் சக்கரம் ஒரு நொடி சுழன்று, உடனே பின்னாலிருந்து யாரோ தள்ளுவதுபோல ஏறிவிடும். அசல் ஜீப் போகும் எல்லா இடத்துக்கும் இது போகாது, அதற்குக் கட்டியதும் இல்லை. ஆனால் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு நனைந்த செம்மண் மேட்டில் நிம்மதியாக ஏற, நான் இதைத்தான் நம்புகிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பரிடம் “வாங்காதீங்க” என்றேன். வண்டியில் குறை இல்லை. ஒவ்வொரு சர்வீஸிலும் பக்கத்தில் நின்று, என்ன எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று டப்பாவை வாங்கிப் படித்து, வாக்குவாதம் பண்ணி எனக்கு அலுத்துவிட்டது. இன்னொருவரை அதில் இழுத்துவிட இன்றைக்கு மனம் வரவில்லை.

அவர் விடவில்லை, போட்டோ அனுப்பினார். பின் டயர் இரண்டும் புத்தம் புதிது, வேறு கம்பெனி. முன் டயரில் பட்டன் பாதிகூட இல்லை. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு, அதனால் முன் சக்கரங்கள் நேர் ரோட்டிலும் கூடுதலாகச் சுற்றும், கிளட்ச் தேவையில்லாமல் உரசி எண்ணெயைச் சூடாக்கலாம். இந்த வண்டிக்கு நான்கு டயரும் ஒரே மாதிரி, ஒரே அளவு தேய்மானத்தோடு இருக்க வேண்டும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு முழு ஒடிப்பில் வட்டமடித்துப் பாருங்கள், டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றிய பில்லையும் கேளுங்கள் என்றேன். பில்லில் 80-90 என்று இருந்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிட வேண்டும். அந்த எண்ணெயோடு எவ்வளவு ஓடியது என்று விற்பவருக்கே தெரிந்திருக்காது.