மேட் இருப்பதாக யாரும் சொல்லாதபோது

லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் செக்மேட் (ராஜா தப்ப வழியே இல்லாமல் ஆட்டம் முடிவது; சுருக்கமாக மேட்) புதிர்களை விடுவிக்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. காலையில் காபி ஆறுவதற்குள் பத்துப் புதிர் என்பது கணக்கு. காபி ஆறிப்போன நாள்கள்தாம் அதிகம்.

அதற்கு முன் வேறொரு செயலி வைத்திருந்தேன். நாளுக்குச் சில புதிர்களோடு கதவை மூடிவிட்டுச் சந்தா கேட்கும். லிசெஸில் அந்தப் பேச்சே இல்லை. திபோ துப்லெசி என்ற பிரெஞ்சுக்காரர் 2010-இல் தொடங்கிய தளம். நன்கொடையில் நடக்கிறது, விளம்பரம் கிடையாது. புதிர்கள் எல்லாம் அங்கேயே ஆடப்பட்ட ஆட்டங்களிலிருந்து கணினி பொறுக்கியவை. எதிராளி செய்யும் தவறு முதலில் கண்முன் நடக்கும், அதன் பிறகுதான் நம் முறை. ‘இந்தக் காய் நகர்ந்ததால் எந்தக் கட்டம் காவலை இழந்தது?’ என்று கேட்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

முதல் ஓராண்டு ‘இரண்டு நகர்த்தலில் மேட்’ பிரிவை விட்டு அசையவில்லை. அதில் என்னை மயக்கியது ஒன்று. கறுப்பு ராஜா எச்8 மூலையில் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை), முன்னால் ஜி7, எச்7 சிப்பாய்கள், எஃப்8-இல் யானை. நம் குதிரை எச்6-இல் நிற்கிறது. ராணியை ஜி8-இல் கொண்டுபோய்ப் பலி கொடுக்க வேண்டும். குதிரையின் காவல் இருப்பதால் ராஜாவால் வெட்ட முடியாது, யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்டியதும் குதிரை எஃப்7-க்குத் தாவினால் மேட். ராஜாவைச் சுற்றி நிற்பதெல்லாம் அவருடைய சொந்தப் படை! 1497-இலேயே ஸ்பெயினின் லூசெனா தம் சதுரங்க நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். முதன்முறை நானாகக் கண்டுபிடித்தபோது ஏதோ நானே உண்டாக்கியதைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

புதிர் மதிப்பெண் 1,900-ஐத் தொட்டது. ஆட்டத்தில் 1,400-ஐத் தாண்டவில்லை. காரணம் அக்கா மகனோடு பலகையில் ஆடிய அன்று விளங்கியது. காவலற்ற மந்திரி ஒன்றைப் பெருமையாக வெட்டினேன். ஆட்டம் முடிந்ததும் பையன் காய்களைப் பழைய இடத்தில் வைத்து, “மாமா, யானையைக் கடைசி வரிசைக்கு அனுப்பியிருந்தால் அப்போதே மேட்” என்றான். அதே மேட்டை நூற்றுக்கணக்கான தடவை விடுவித்தவன் நான். ஆனால் அங்கெல்லாம் மேட் இருக்கிறது என்று தலைப்பே காட்டிக்கொடுத்தது. பலகையில் காட்டிக்கொடுக்க யாருமில்லை.

அன்றிலிருந்து எல்லா வகையும் கலந்து வரும் பிரிவுக்கு மாறினேன். மதிப்பெண் சரசரவென்று சரிந்தது. ஒரு சிப்பாயைப் பிடித்தால் போதும் என்ற இடத்திலும் ராணியைப் பலி கொடுத்துவிட்டு விழித்தேன். வலித்தாலும் இதுதான் உருப்படியான பயிற்சி. மூன்று நிமிடத்தில் எத்தனை முடியும் என்று ஓடும் ‘புதிர்ப் புயல்’ எனக்கு ஒத்துவரவில்லை. நாலு நாள் ஆடினால் யோசிக்காமல் கைவைக்கும் வியாதி தொற்றிக்கொள்கிறது. பேருந்துப் பயணத்துக்கு வேண்டுமானால் சரி.

தோற்ற புதிர்களைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் வசதியை ஞாயிறுதோறும் பயன்படுத்துகிறேன். அதில் ஒன்று மூன்று முறை என்னை ஏமாற்றியிருக்கிறது. எட்டாம் வரிசையைத் தொடும் சிப்பாயைக் குதிரையாக்கினால் மேட். ஒவ்வொரு முறையும் கை ராணிக்குத்தான் போகிறது.