பெரிய சேஸிஸா, இரண்டு தனி சுவிட்சுகளா?

சர்வர் அறையின் ட்ராஃபிக் எல்லாம் கூடும் மைய சுவிட்சான கோர் சுவிட்சை மாற்றும் வேளை வந்தபோது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பல கார்டுகளைச் செருகும் பெரிய பெட்டியான சேஸிஸ்; அதன் மூளையான சூப்பர்வைசர் கார்டு இரண்டு இருக்கும். மற்றது, இரண்டு தனி சுவிட்சுகளை எம்லாக் முறையில் ஜோடி சேர்ப்பது; இணைக்கும் சர்வருக்கு அவை ஒரே சுவிட்சாகத் தெரியும். சிஸ்கோ நெக்ஸஸில் இதை விபிசி என்பார்கள். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

பவர் சப்ளை, ஃபேன் எல்லாம் இரண்டிலுமே ஓடும்போதே கழற்றி மாட்டலாம். அதை விட்டுவிடுவோம்.

விஷயம் கேபிள் போர்ட்டுகள் உள்ள லைன் கார்டில் இருக்கிறது. ஹாட் ஸ்வாப், அதாவது ஓடும்போதே கழற்றி மாட்டுவது, என்றால் ஒரு கார்டை உருவினாலும் மற்ற கார்டுகள் ஓடும், அவ்வளவுதான். உருவிய கார்டின் 48 போர்ட்டும் செத்துத்தான் போகும். சர்வர் விழக்கூடாது என்றால் அதன் இரண்டு கேபிள்களையும் இரண்டு கார்டுகளில் பிரித்து மாட்டி, இரண்டையும் ஒரே இணைப்பாக நடத்தும் எல்ஏசிபி போட வேண்டும். எப்படியும் பிரிக்கத்தான் போகிறோம், இரண்டு பெட்டிகளிலேயே பிரித்துவிடலாமே? சிஸ்கோவின் பழைய சேஸிஸான கேட்டலிஸ்ட் 6500-இல் கார்டைச் செருகும்போது கார்டுகள் பகிரும் தரவுப் பாதையான பொது பஸ் ஒரு கணம் நிற்கும். தயங்கித் தயங்கிச் செருகினால் அந்தக் கணம் நீண்டு மற்ற கார்டுகளையும் பிடித்துக்கொள்ளும். புதிய சேஸிஸ்களில் அந்தத் தொல்லை போய்விட்டது. ஆனால் கார்டுகளையெல்லாம் இணைக்கும் பின்பலகையான பேக்பிளேனே பழுதானால் எல்லாவற்றையும் அணைத்தாக வேண்டும். ஜோடியில் அப்படி மாற்ற முடியாத பாகம் என்று எதுவுமே இல்லை. முழுப் பெட்டியையே தூக்கிவிடலாம்.

தூக்குவதற்கு முன் ஒத்திகையும் பார்க்கலாம். ஒரு பக்கம் பிங் ஓடிக்கொண்டிருக்க, தூக்கப்போகும் பெட்டியின் போர்ட்டுகளை ஒவ்வொன்றாக ஷட் கட்டளையால் அணைத்துக்கொண்டே வர வேண்டும். ஏதாவது ஒரு சர்வர் ஒற்றைக் கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். நோ ஷட் கொடுத்தால் திரும்ப வந்துவிடும்.

புதிய பெட்டியில் மென்பொருளும் கான்ஃபிக்கும் முன்பே ஏற்றியிருக்க வேண்டும். அப்புறம் கேபிள் வரிசை. நெக்ஸஸில், மற்ற பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கீப்அலைவும் இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் பீர் லிங்க்கும் முதலில், சர்வர் கேபிள்கள் கடைசியில். ஜோடி கிடைக்காவிட்டாலும் தனியே வேலையைத் தொடங்கும் ஆட்டோ ரெக்கவரி வசதி போட்டிருக்கும் பெட்டி இவை இல்லாமல் தனியாக எழுந்து நின்றால், 240 நொடி கழித்துத் தானே பிரைமரி, அதாவது ஜோடியின் தலைமை, என்று உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் இணைத்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய பெட்டியின் விபிசி போர்ட்டுகள் விழக்கூடும். எழுந்த பெட்டி தன் விபிசி போர்ட்டுகளைத் திறக்குமுன் காத்திருக்கும் நேரமான டிலே ரெஸ்டோர் வழக்கமாக 30 நொடி. ரூட்டிங் டேபிள் பெரிதாக இருந்தால் அதைக் கூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் வழி தெரியாத பெட்டிக்கு ட்ராஃபிக் போய் விழும்.

பல சுவிட்சுகளைக் கேபிளால் கோத்து ஒன்றாக இயக்கும் ஸ்டாக்கிங்கை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. பெட்டிகள் பலவானாலும் மூளை ஒன்றுதான்.

சேஸிஸ் ஜெயிக்கும் இடமும் உண்டு. மேசைக் கணினிகளும் ஐபி போன்களும் ஒற்றைக் கேபிளில் நிற்கும் மாடிகளில் எம்லாக் உதவாது; அங்கே சேஸிஸில் ஒரு சூப்பர்வைசர் போனாலும் இன்னொன்று எடுத்துக்கொள்ளும். ஓடும்போதே மென்பொருள் ஏற்றும் ஐஎஸ்எஸ்யூவை நான் சோதனை மேசையில் மட்டுமே பார்த்திருக்கிறேன், அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மாடிகளுக்கு நாங்களும் சேஸிஸ்தான் வாங்கினோம்.